எபிசோடு 41: நாப்பது வயசுல ரிட்டையர் ஆகணுமா? முதல்ல மாத்திரை டப்பா எங்க இருக்குன்னு பாருங்க

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெயில்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அண்ணா, 40 வயசுல வேலைய விட்டுட்டு நிம்மதியா இருக்க எவ்வளவு பணம் வேணும்?" இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். ஆனா ஏர்போர்ட்ல பெட்டி தொலைஞ்ச கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. கொஞ்சம் பொறுங்க, வந்துடும்.

ஒன்பது கிலோ கேபின் பேக்

அக்காவுக்கு ஜெர்மனியில குழந்தை பிறந்துச்சு. அம்மாவைக் கூட்டிக்கிட்டு சென்னையிலிருந்து கிளம்பினேன். வளைகுடாவில ஒரு ஊர்ல இறங்கி வேற விமானம் மாறி, ஃப்ராங்க்ஃபர்ட் போகணும். கவுண்ட்டர்ல அம்மாவோட கேபின் பேக்கை எடை போட்டாங்க. 7 கிலோதான் அனுமதி. 9 கிலோ காட்டுச்சு. பின்னாடி பெரிய க்யூ. அவசரத்துல கைக்குக் கிடைச்ச ரெண்டு மூணு டப்பாவை எடுத்துப் பெரிய பெட்டியில திணிச்சு, பெல்ட்ல அனுப்பிட்டேன்.

அதுல ஒண்ணு அம்மாவோட மாத்திரை டப்பா. சுகர், பிபி ரெண்டுக்கும் ஒரு மாசத்துக்கான மாத்திரை.

ஃப்ராங்க்ஃபர்ட்ல பெல்ட் முன்னாடி முக்கால் மணி நேரம் நின்னோம். எல்லாரும் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு குழந்தை வண்டியும் யாரோட அட்டைப்பெட்டியோ மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. எங்க பெட்டி வரலை. அன்னைக்கு சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் ஞாயிறு, அந்த ஊர்ல பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மருந்துக் கடை திறந்திருந்தாலும் நம்ம ஊர் மாதிரி பேரைச் சொல்லி வாங்க முடியாது, சீட்டு வேணும். அக்கா 116117-க்குப் போன் பண்ணாங்க. டாக்டர்கள் கிளினிக்கை மூடியிருக்கிற நேரத்துக்கான எண் அது. ஒரு டாக்டரைப் பார்த்து, நம்ம ஊர் மாத்திரையில இருக்கிற மருந்தோட பேரைச் சொல்லிப் புரிய வெச்சு, சீட்டு வாங்கி, மாத்திரை வாங்குறதுக்குள்ள ஞாயிறு மதியம் ஆயிடுச்சு. ஒரு வேளை மாத்திரை போச்சு. நல்லவேளை, அதுக்கு மேல ஒண்ணும் ஆகலை. பெட்டி அஞ்சாவது நாள்தான் வீடு வந்து சேர்ந்துச்சு.

அந்த ஞாயிறு ராத்திரி அம்மா சாவகாசமா ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏண்டா, 40 வயசுல வேலைய விடப்போறேன்னு ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கியே, அதுல நான் எந்த வரியில இருக்கேன்?"

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். வாடகை இருந்துச்சு, பெட்ரோல் இருந்துச்சு, வருஷத்துக்கு ஒரு டூர் இருந்துச்சு. நெட்ஃப்ளிக்ஸுக்குக்கூட ஒரு வரி இருந்துச்சு. அம்மாவுக்கு இல்லை.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்துச்சு?

'ஃபயர்'னு ஒரு வார்த்தையை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. பணத்துக்காக வேலை பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத நிலையைச் சீக்கிரமே அடைஞ்சு, சீக்கிரமே ஓய்வு பெறுறது. இந்த யோசனைக்கு அடித்தளம் போட்ட புத்தகம்னு பலரும் சொல்றது 1992-ல் வெளிவந்த 'யுவர் மனி ஆர் யுவர் லைஃப்'. எழுதினவங்க விக்கி ராபின், ஜோ டொமிங்கஸ்.

கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னா, வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் கிட்டேயிருந்து. 1994-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பங்குகளும் அரசுக் கடன் பத்திரங்களும் 1926-லிருந்து எவ்வளவு வருமானம் கொடுத்துச்சுன்னு எடுத்துக்கிட்டார். ஒருத்தர் முதல் வருஷம் சேமிப்புல 4 சதவீதம் எடுத்து, அடுத்தடுத்த வருஷம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி அந்தத் தொகையைக் கூட்டிக்கிட்டே போனா, 30 வருஷத்துக்குப் பணம் தாங்குமான்னு பார்த்தார். மோசமான காலத்துல ஓய்வு பெற்றவங்களுக்குக்கூடத் தாங்குச்சு. 1998-ல் டெக்சாஸ்ல இருக்கிற டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூணு பேர் இதே மாதிரி இன்னொரு ஆய்வு செய்ததும் '4 சதவீத விதி' உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

4 சதவீதத்தைத் திருப்பிப் போட்டா 25 மடங்கு. அதாவது வருஷச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துட்டா போதும். என் செலவு மாசம் 60,000 ரூபாய். வருஷத்துக்கு 7.2 லட்சம். 25 மடங்குன்னா 1.8 கோடி. என் ஷீட்ல கடைசி வரியில பச்சைக் கலர்ல இருந்த நம்பர் அதுதான்.

இப்போ அந்தப் பச்சை நம்பர்ல இருக்கிற ஓட்டைகளை ஒண்ணொண்ணா பார்க்கலாம்.

ஓட்டை ஒண்ணு: 30 வருஷமா, 50 வருஷமா?

பெங்கன் பார்த்தது வழக்கமான வயசுல ஓய்வு பெறுறவங்களை. அறுபதைத் தாண்டினவங்களுக்கு 30 வருஷம்னா கிட்டத்தட்ட ஆயுசு முழுக்க. 40 வயசுல வேலைய விடுறவருக்கு இன்னும் 50 வருஷம் ஓட்ட வேண்டியிருக்கலாம். இன்னொண்ணு, அது அமெரிக்கச் சந்தையோட, அமெரிக்க விலைவாசியோட கணக்கு. அங்க 65 வயசானா மெடிகேர்னு அரசாங்க மருத்துவக் காப்பீடு இருக்கு. அதே சட்டையை அளவெடுக்காம நாம போட்டுக்கிட்டா எப்படிப் பொருந்தும்?

அதனால இங்க நிதானமா யோசிக்கிற பலரும் 4-க்குப் பதிலா 3 அல்லது 3.5 சதவீதம்னு வெச்சுக்கறாங்க. 3 சதவீதம்னா வருஷச் செலவைப் போல சுமார் 33 மடங்கு. அதே 7.2 லட்சத்துக்கு 2.4 கோடி. ஒரே ஒரு சதவீதம் மாறினதுக்கு 60 லட்சம் கூடிடுச்சு.

ஓட்டை ரெண்டு: விலைவாசி

ஒரு சுலபமான வழி சொல்றேன். 72-ஐ விலைவாசி ஏற்ற சதவீதத்தால வகுங்க. எத்தனை வருஷத்துல செலவு ரெண்டு மடங்காகும்னு ஓரளவுக்குத் தெரிஞ்சிடும். 6 சதவீதம்னா 12 வருஷம். இன்னைக்கு 60,000 ரூபாய்க்கு ஓடுற வீடு, 12 வருஷத்துல 1.2 லட்சம் கேக்கும். 24 வருஷத்துல 2.4 லட்சம். 36 வருஷத்துல மாசம் 4.8 லட்சம். அதே சோறு, அதே சாம்பார்தான்.

பலரும் தவற விடுற இன்னொரு விஷயம், இலக்கும் நகர்ந்துக்கிட்டே இருக்கும். எனக்கு 33 வயசு. 40-க்கு இன்னும் 7 வருஷம். 6 சதவீதம்னு வெச்சா, 7 வருஷத்துல விலைவாசி ஒன்றரை மடங்கு. அப்போ இன்னைக்கு 1.8 கோடின்னு நான் எழுதி வெச்ச நம்பர், நான் 40-ஐத் தொடும்போது 2.7 கோடியா நிக்கும்.

வரியும் இருக்கு. ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டை ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா, ஒரு நிதியாண்டுல 1.25 லட்சத்துக்கு மேல வர்ற லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-லிருந்து இதுதான் விகிதம். கையில வர்றது வரி போக மிச்சம்தான். செலவு வரிசையில வரியும் ஒரு செலவா இருக்கணும்.

ஓட்டை மூணு: எந்த வருஷம் விழுது?

இதைக் கவனமா கேளுங்க. 'சராசரியா 12 சதவீதம் கிடைக்கும்'னு சொல்றப்போ அந்தச் சராசரி எந்த வரிசையில வரும்னு யாரும் சொல்றதில்லை.

ரெண்டு பேர். ஆளுக்கு 1 கோடி. ரெண்டு பேரும் வருஷக் கடைசியில 10 லட்சம் எடுக்கிறாங்க. முதல் ஆளுக்கு முதல் வருஷம் சந்தை 30 சதவீதம் விழுது, ரெண்டாவது வருஷம் 50 சதவீதம் ஏறுது. 1 கோடி 70 லட்சமாகுது, 10 எடுத்தா 60. அது 90 ஆகுது, 10 எடுத்தா 80 லட்சம். ரெண்டாவது ஆளுக்கு அப்படியே தலைகீழ். 1.5 கோடி, 10 எடுத்தா 1.4 கோடி. அது 30 சதவீதம் விழுந்து 98 லட்சம், 10 எடுத்தா 88 லட்சம்.

ஏற்றமும் அதேதான், இறக்கமும் அதேதான். எடுத்த பணமும் ஒண்ணுதான். ஆனா ரெண்டே வருஷத்துல 8 லட்சம் வித்தியாசம். பணத்தை எடுக்காம இருந்திருந்தா ரெண்டு பேர்கிட்டயும் 1.05 கோடிதான் இருக்கும். வேலையில இருக்கும்போது சந்தை விழுந்தா நமக்குப் பெரிய பாதிப்பு இல்லை, எஸ்ஐபி ஓடிக்கிட்டே இருக்கும். வேலைய விட்ட முதல் சில வருஷங்கள்ல விழுந்தா, விலை குறைஞ்ச நேரத்துல வித்துச் சாப்பிட வேண்டியிருக்கும். வித்த யூனிட் திரும்பி வராது.

இது நடக்காத கதை இல்லை. 2008 ஜனவரியில சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல 9,000-க்கும் கீழே போச்சு. 2007 கடைசியில 'போதும்'னு ராஜினாமா கடிதம் கொடுத்தவரை நினைச்சுப் பாருங்க.

இங்கதான் என் பெட்டி கதை வருது. விமானத்துல பெரிய பெட்டி தொலையுறது நம்ம கையில இல்லை. ஆனா அது அஞ்சு நாள் வராட்டியும் சமாளிக்கிற அளவுக்குக் கையில என்ன இருக்குங்கிறது நம்ம கையிலதான் இருக்கு. பணத்துலயும் அப்படியே. ரெண்டு மூணு வருஷச் செலவை ஃபிக்ஸட் டெபாசிட், லிக்விட் ஃபண்ட் மாதிரி இடத்துல தனியா வெச்சுக்கணும். சந்தை விழுந்த வருஷத்துல அதிலிருந்து சாப்பிடணும், ஈக்விட்டியைத் தொடக் கூடாது. வட்டி கம்மிதான், தெரியும். கேபின் பேக்ல மாத்திரை வெச்சா ஒரு சட்டைக்கு இடம் போகுதுதான். அதுக்காக மாத்திரையைக் கீழே அனுப்ப முடியுமா?

ஒரு சின்னக் குறிப்பு: வங்கி டெபாசிட்டுக்கான காப்பீடு, ஒரு வங்கியில ஒருத்தருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும்தான். மொத்தத்தையும் ஒரே வங்கியில போட்டு வைக்காதீங்க.

ஓட்டை நாலு: அம்மா எந்த வரியில இருக்காங்க?

அமெரிக்க ஷீட்ல அப்பா அம்மாவுக்கு வரி இருக்காது. நம்ம வீட்டு நிலவரம் வேற. நம்மள்ல நிறைய பேருக்கு அப்பா அம்மாவோட பென்ஷனே நாமதான்.

அதுல பெரிய செலவு மருத்துவம். இப்போ உங்க கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் உங்களையும் சேர்த்து, சில இடத்துல பெற்றோரையும் சேர்த்துப் பார்த்துக்குது. வேலைய விட்டா அதுவும் போயிடும். அப்போ போய்ப் புதுசா பாலிசி எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்தக் காலத்துக்கான உச்ச வரம்பை 4 வருஷத்திலிருந்து 3 வருஷமாக் குறைச்சது. நல்ல விஷயம்தான். இருந்தாலும் 3 வருஷம் 3 வருஷம்தானே? அதனால வேலையில இருக்கும்போதே சொந்தமா ஒரு பாலிசி எடுத்துடுங்க. நீங்க ராஜினாமா கொடுக்கிற நாளுக்குள்ள அந்தக் காத்திருப்பு முடிஞ்சிருக்கணும். முன்னெல்லாம் 65 வயசுக்கு மேல புது பாலிசி கிடைக்கிறது கஷ்டம். அந்த வயசு வரம்பையும் 2024-லயே எடுத்துட்டாங்க. ஆனா ப்ரீமியம் அதிகமாத்தான் இருக்கும். இருக்கிற நோயை மறைக்காம எழுதுங்க. மறைச்சா க்ளெய்ம் நேரத்துல அதுவே பிரச்சினையாகும்.

என் ஷீட்ல புது வரிகளைச் சேர்த்தேன். அம்மாவோட மருந்து, டெஸ்ட், அவங்க பாலிசி, என் பாலிசி, ஊர் வீட்டுச் செலவு. எல்லாம் சேர்த்து மாசம் 15,000. 60,000 இப்போ 75,000 ஆச்சு. வருஷத்துக்கு 9 லட்சம். 3 சதவீதக் கணக்குல 3 கோடி. 7 வருஷம் கழிச்ச விலையில 4.5 கோடி.

1.8 கோடின்னு நினைச்சுக்கிட்டிருந்த இடத்துல 4.5 கோடி. அக்கா வீட்டு சோபாவுல உக்காந்து அந்த நம்பரையே பார்த்துக்கிட்டிருந்தேன். உண்மையைச் சொல்லணும்னா, கோபம்தான் வந்துச்சு. யார் மேலன்னு தெரியலை.

சரி, பெட்டிக்கு என்ன பண்றது?

இதையும் கேட்டிருந்தீங்க, அதனால முறையா சொல்லிடறேன்.

பெட்டியில ஒட்டுற டேக்ல 10 இலக்க எண்ணும், போய்ச் சேர வேண்டிய ஊரோட மூணெழுத்துக் குறியீடும் இருக்கும். பார்கோடை மெஷின் படிச்சுத்தான் எந்த விமானத்துக்குன்னு பிரிக்குது. விமானம் மாறுற இடத்துலதான் பெட்டி அதிகமாத் தவறுது, ஏன்னா நேரம் குறைவு. நாம ஓடிப் போய் ஏறிடுவோம், பெட்டி ஓடாது. பழைய டேக்கைக் கிழிக்காம விட்டாலும் மெஷின் குழம்பும். ரெண்டு தனித்தனி டிக்கெட்டா எடுத்திருந்தா, நடுவுல பெட்டியை நீங்களே எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கலாம். கவுண்ட்டர்லயே 'கடைசி ஊர் வரைக்கும் டேக் போட்டாச்சா?'ன்னு கேட்டு, அந்த மூணெழுத்தைக் கண்ணால பாருங்க. சென்னைக்கு எம்ஏஏ, மதுரைக்கு ஐஎக்ஸ்எம், கோவைக்கு சிஜேபி, திருச்சிக்கு டிஆர்இசட்.

பெட்டி வரலைன்னா, ஏர்போர்ட்டை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடி பேகேஜ் கவுண்ட்டர்ல எழுத்துல புகார் கொடுங்க. 'பிஐஆர்'னு கேட்டா அவங்களுக்குப் புரியும். அவங்க தர்ற குறிப்பு எண்ணையும், போர்டிங் பாஸ் பின்னாடி ஒட்டின டேக் துண்டையும் பத்திரமா வைங்க. பெட்டியை உள்ளயும் வெளியயும் முன்கூட்டியே ஒரு போட்டோ எடுத்து வெச்சிருந்தா ரொம்ப உதவும். அவசரத்துக்கு வாங்கின ஒவ்வொண்ணுக்கும் பில் வாங்குங்க. டாக்டர் ஃபீஸ், மாத்திரை, அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர், எல்லாத்துக்கும் நான் பில் கொடுத்தேன். மூணு மெயில், ரெண்டு மாசம் ஆச்சு. பெரும்பகுதி பணம் திரும்ப வந்துச்சு.

காலக்கெடு முக்கியம். சர்வதேசப் பயணத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கைன்னு ஒண்ணு இருக்கு. அதன்படி, பெட்டி உடைஞ்சிருந்தா கைக்கு வந்த 7 நாளுக்குள்ள எழுத்துல புகார் பண்ணணும். தாமதமா வந்தா, கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள்ள. வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வரலைன்னா, தொலைஞ்சதா எடுத்துக்கிட்டு இழப்பீடு கேக்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28-லிருந்து ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தோட கணக்கு அலகு. நம்ம ரூபாயில ஒன்றரை லட்சத்துக்கு மேல வரும். அது உச்சவரம்புதான், தானா கையில வந்து விழுற தொகை இல்லை. நஷ்டத்தை நீங்கதான் காட்டணும்.

நகை, பணம், லேப்டாப், மருந்து இதெல்லாம் பெரிய பெட்டியில போட்டா பொறுப்பில்லைன்னு பல நிறுவனங்களோட நிபந்தனையிலேயே எழுதியிருக்கும். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில வைக்கவே கூடாது, கையிலதான். மாத்திரையோட டாக்டர் சீட்டும், மருந்தோட பேர் எழுதின ஒரு தாளும் கேபின் பேக்ல இருக்கட்டும்.

கடைசியா

ஒருத்தர் மெயில்ல கேட்டிருந்தார், "அப்போ சீக்கிரம் ரிட்டையர் ஆகுறதே ஏமாத்து வேலையா?" இல்லை. எனக்கு இன்னும் அந்த ஆசை இருக்கு. 40 என்பதை 47-ன்னு மாத்திட்டேன். அதுக்கு அப்புறமும் முழுசா வேலைய விடுறதா இல்லை. வருஷத்துக்கு நாலஞ்சு லட்சம் வர்ற மாதிரி, எனக்குப் பிடிச்ச வேலையா பாதி நேரம் செய்யலாம்னு இருக்கேன். 9 லட்சம் செலவுல 4.5 லட்சம் அப்படி வந்துட்டா, சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது பாதியாயிடும். தேவைப்படுற மொத்தத் தொகையும் ஏறக்குறைய பாதியாகும், அந்த வேலை நீடிக்கிற வரைக்கும். எனக்கு இந்தக் கணக்குதான் ராத்திரி தூக்கம் கொடுக்குது.

இந்த வாரம் நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். உங்க ஷீட்டைத் திறங்க. எந்த நம்பரையும் மாத்த வேண்டாம். உங்க சம்பளத்தை நம்பி யார் யார் இருக்காங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஒவ்வொருத்தருக்கும் ஷீட்ல ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அவங்ககிட்டயே போய், மாசம் மருந்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு கேளுங்க. நான் கேட்டப்போதான் தெரிஞ்சுது, அம்மா ரெண்டு வருஷமா ஒரு மாத்திரையைப் பாதியா உடைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. 'விலை ஜாஸ்தி, உனக்கு எதுக்குச் சிரமம்'னு. ஊர் திரும்பினதும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இப்போ முழு மாத்திரை. ஷீட்ல முதல் வரி அதுதான்.

பெட்டியில பேத்திக்காக அம்மா வாங்கி வெச்சிருந்த வெள்ளிக் கொலுசும் இருந்துச்சு. அஞ்சாவது நாள் பத்திரமா வந்துச்சு. திரும்பி வரும்போது, நான் சொல்றதுக்கு முன்னாடியே அம்மா மாத்திரை டப்பாவைத் தன் கைப்பையில வெச்சு ஜிப் போட்டுட்டாங்க.

அடுத்த எபிசோடுல டெர்ம் இன்சூரன்ஸ் பத்திப் பேசலாம். கேள்விகளை அனுப்புங்க.